பாதி விறகு மிச்சம் இருக்கிறதா?

தை மாதம் பிறந்தால் தமிழ்நாட்டு விவசாயியின் வீட்டுக்குப் புது நெல் வந்து சேரும். குதிர் நிறையும். பானை பொங்கும்.

அதே தை மாதத்தில் உலகத்தின் இன்னொரு பக்கத்தில் ஒரு விவசாயி தன் கொட்டகைக் கதவைத் திறந்து கவலையோடு உள்ளே பார்ப்பார்.

அவருடைய ஊர் வெர்மான்ட். அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் உள்ள சின்ன மாநிலம் அது. அதன் வட எல்லையைத் தாண்டினால் கனடா. எங்கு பார்த்தாலும் மலை, காடு. குளிர் காலத்தில் மலையும் காடும் பனிக்குள் மூழ்கிக் கிடக்கும். தண்ணீர் உறைவதற்குப் பூஜ்யம் டிகிரி குளிர் போதும். அங்கே சில இரவுகளில் குளிர் அதற்கும் கீழே 20 டிகிரி வரை போகும்!

பிப்ரவரி 2-ந் தேதி கிறிஸ்தவர்களுக்கு ஒரு திருநாள். மெழுகுவர்த்திகளை மந்திரித்து ஏற்றும் நாள். பழைய காலத்து விவசாயிகளுக்கு அது கணக்கு நாளும்கூட. அன்று அவர்கள் இரண்டு பொருள்களைப் பார்ப்பார்கள். ஒன்று, விறகு அடுக்கு. மற்றொன்று, மாட்டுக்குச் சேர்த்து வைத்த உலர்ந்த புல்.

இரண்டிலும் பாதி மிச்சம் இருக்க வேண்டும். பாதி இருந்தால் பிழைத்தார்கள். பாதிக்குக் குறைந்தால் ஆபத்து!

ஏன் பாதி? குளிர் குறையப் போகிறதே, கால் பங்கு போதாதா?

போதாது. காலண்டரில் வசந்தம் பிறப்பது மார்ச் மாதம் 20-ந் தேதி வாக்கில். ஆனால் மேய்ச்சல் நிலத்தில் மாடு வாய் வைக்கும் அளவுக்குப் புல் வளர மே மாதம் ஆகிவிடும். அதுவரை மாட்டுக்குத் தீனி கொட்டகையில்தான். அதுவரை வீட்டுக்குச் சூடு விறகில்தான்.

சொந்த நிலம், சொந்த வீடு, சொந்தக் கையால் விளைவித்த காய்கறி, யாரிடமும் கை கட்டி நிற்காத வாழ்வு. இப்படி வாழ வேண்டும் என்ற ஆசை இல்லாதவர் யார்? நகரத்தில் வாடகை வீட்டில் இருப்பவருக்கு அந்த ஆசை இன்னும் அதிகம்.

அது நல்ல ஆசைதான். ஆனால் அந்த வாழ்வுக்கு அஸ்திவாரம் எது? நிலம் வேண்டும். உழைப்பும் வேண்டும். அவற்றுக்கு முன்னால் வேண்டியது கணக்கு. அந்தக் கணக்கின் கடைசி வரியில் "போதும்" என்று எழுதத் தெரிந்த மனம்.

வெர்மான்ட் மலை வீடுகள் சொல்லும் பாடம் அதுதான்.

வசந்தம் வந்தால் வயிறு நிறையுமா?

வசந்தம் என்றதும் பூவும் தென்றலும் நினைவுக்கு வரும். தன் விளைச்சலை நம்பி வாழும் வீட்டில் வசந்தத்தின் தொடக்கம் அப்படி இராது. வருஷத்திலேயே அலமாரி காலியாக இருக்கும் நேரம் அதுதான்!

காரணம் எளிது. கடைசி அறுவடை நடந்தது சென்ற ஐப்பசி மாதத்தில். அடுத்த காய்கறி கைக்கு வர ஆனி மாதம் ஆகும். இடையில் ஏழெட்டு மாதம் முன்பு சேர்த்ததை வைத்துத்தான் குடும்பம் நடக்க வேண்டும்.

அதற்காகவே அந்த வீடுகளுக்கு அடியில் ஒரு நிலவறை உண்டு. மின்சாரம் வராத காலத்தில் அதுவே அவர்களின் குளிர்ப் பெட்டி. பூமிக்குள் இருப்பதால் வெளியே எத்தனை குளிர் அடித்தாலும் அந்த அறைக்குள் காய்கறி உறைந்து போகாது. சூடேறி அழுகவும் செய்யாது. உருளைக் கிழங்கு, காரட், பீட்ரூட், முட்டைக்கோஸ், ஆப்பிள் எல்லாம் அங்கே இருக்கும். காரட்டை ஈர மணலில் புதைத்து வைப்பார்கள்.

இதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. காரட்டின் பக்கத்தில் ஆப்பிளை வைக்கக் கூடாது. பழுக்கும் ஆப்பிளிலிருந்து எத்திலின் என்ற வாயு வெளிவரும். அது பட்டால் காரட் கசந்து போகும். ஆகவே இரண்டையும் தள்ளித் தள்ளி வைப்பார்கள்.

மார்ச் மாதம் வந்ததும் வீட்டுக்காரி விளக்கோடு நிலவறைக்குள் இறங்குவாள். உருளைக் கிழங்கில் முளை கிளம்பியிருக்கும். ஆப்பிள் சுருங்கியிருக்கும். ஒன்று அழுகினால் பக்கத்தில் இருப்பதும் கெடும். ஆகவே அழுகலைப் பொறுக்கி எறிவாள். சுருங்கியதை அன்றைக்கே சமைப்பாள். நல்லதைப் பின்னுக்குத் தள்ளி வைப்பாள்.

ஒரு மூலையில் மட்டும் கை வைக்க மாட்டாள். அது விதைக் கிழங்கு!

பசி வந்தாலும் விதையைத் தொடக் கூடாது. இந்தச் சட்டத்தைத் தமிழ்நாட்டுத் தாய்மாருக்கு யாரும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. கோட்டை கட்டி வைத்த விதை நெல்லை எடுத்துக் குத்தினால் ஊரே சிரிக்கும். தேசம் வேறு, பாஷை வேறு, விதைக்கு உள்ள சட்டம் ஒன்றுதான்.

அந்த நேரத்தில் பூமியும் கொஞ்சம் கை கொடுக்கும். பார்ஸ்னிப் என்று ஒரு கிழங்கு உண்டு. வெள்ளைக் காரட் போல இருக்கும். அதில் ஒரு பாத்தியை அறுவடையின்போது தோண்டாமல் விட்டு வைப்பார்கள். குளிர் ஏற ஏற அதில் உள்ள மாவு சர்க்கரையாக மாறும். பனி உருகி மண் இளகியதும் தோண்டினால் தேன் போல இனிக்கும்.

கோழியும் உதவும். பகல் குறுகிய குளிர் காலத்தில் கோழி முட்டையிடுவது குறைந்துவிடும். பகல் நீள நீள முட்டையும் கூடும். மார்ச் மாதத்தில் கூடை நிறையத் தொடங்கும்.

ஆனால் பார்ஸ்னிப்பையும் முட்டையையும் மட்டும் நம்பி ஒரு குடும்பம் வசந்தத்தைத் தாண்ட முடியாது. கார்த்திகையில் போட்ட கணக்கு சரியாக இருந்தால்தான் பங்குனியில் அடுப்பு எரியும்.

"உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குக்கூட மிஞ்சாது" என்பது தமிழ்நாட்டுப் பழமொழி. விளைந்த பிறகு லாப நஷ்டம் பார்ப்பவனுக்கு அது சரி. செலவழிக்கும் முன்பே கணக்குப் பார்ப்பவனுக்கு உழக்காவது மிஞ்சும்!

பனிக்குள் ஒரு பதனீர்

அலமாரி காலியாகும் அதே நேரத்தில் அந்த மலைகளில் ஓர் அதிசயம் நடக்கிறது. மரத்திலிருந்து சர்க்கரை வடிகிறது.

அந்த மரத்துக்கு மேப்பிள் என்று பெயர். இரவில் தண்ணீர் உறையும் குளிர் இருக்க வேண்டும். பகலில் பனி உருகும் வெயில் இருக்க வேண்டும். இரண்டும் மாறி மாறி வரும் அந்தச் சில வாரங்களில்தான் சாறு வடியும். பிப்ரவரி கடைசியில் தொடங்கி ஏப்ரல் முதல் வாரங்களில் முடிந்துவிடும்.

வெள்ளைக்காரர்கள் அந்த மண்ணில் கால் வைப்பதற்கு முன்பே, அங்கே வாழ்ந்த அபெனாக்கி போன்ற ஆதிக்குடி மக்கள் இந்தச் சாற்றை எடுத்துக் காய்ச்சி வந்தார்கள். வந்தவர்கள் அவர்களிடம் கற்றுக் கொண்டார்கள்.

மரத்தின் தண்டில் இடுப்பு உயரத்தில் துளை போடுவார்கள். ஆழம் இரண்டு அங்குலம் போதும். அதில் சிறு குழாயைச் செருகி, கீழே வாளியைத் தொங்க விடுவார்கள். சொட்டுச் சொட்டாகச் சாறு விழும். பார்வைக்குப் பச்சைத் தண்ணீர். நாக்கில் வைத்தால் லேசான இனிப்பு.

பனையேறி பாளை சீவிக் கலயம் கட்டுவது நினைவுக்கு வருகிறதல்லவா? இரண்டும் ஒரே வித்தைதான். ஆனால் பனை தாராளமான மரம். பத்து லிட்டர் பதனீர் இருந்தால் ஏறக்குறைய ஒரு கிலோ கருப்பட்டி கிடைத்துவிடும். மேப்பிள் கருமி. அதன் சாற்றில் சர்க்கரை நூற்றுக்கு இரண்டு பங்குதான். ஒரு லிட்டர் பாகு வேண்டுமானால் 40 லிட்டர் சாற்றைக் காய்ச்ச வேண்டும்!

ஒரு பருவம் முழுவதும் ஒரு துளையிலிருந்து கிடைப்பதும் சுமார் 40 லிட்டர்தான். அதாவது ஒரு துளைக்கு ஒரு லிட்டர் பாகு.

அதைக் காய்ச்சத் தனிக் கொட்டகை உண்டு. சாறு நன்றாக வடியும் நாட்களில் இரவு முழுக்க அடுப்பு எரியும். கூரை வழியாக ஆவி மேகம் போலப் புறப்படும். கொதிக்கும் தண்ணீரைவிட 4 டிகிரி அதிகச் சூடு ஏறினால் பாகு பதத்துக்கு வந்துவிட்டது என்று அர்த்தம்.

அன்று குழந்தைகளுக்குக் கொண்டாட்டம்! சுடச் சுடப் பாகைக் கொஞ்சம் கூடுதலாகக் காய்ச்சி, சுத்தமான பனியின் மேல் ஊற்றுவார்கள். அது இழுபடும் மிட்டாயாக மாறும். இனிப்பு திகட்டாமல் இருக்கப் பக்கத்திலேயே புளிப்பு ஊறுகாய் ஒரு துண்டு. கருப்பட்டிக் கொட்டகையில் சிரட்டையோடு காத்திருக்கும் தமிழ்நாட்டுச் சிறுவனுக்கு அந்தச் சந்தோஷம் புரியும்.

இன்று பெரும்பாலான தோப்புகளில் வாளி போய்விட்டது. மரத்துக்கு மரம் பிளாஸ்டிக் குழாய் ஓடுகிறது. அமெரிக்காவின் மேப்பிள் பாகில் ஏறக்குறைய பாதி வெர்மான்டில்தான் உற்பத்தியாகிறது. ஆனால் பழைய விதிகள் மாறவில்லை.

மரம் பத்து அங்குலக் குறுக்களவு பருக்கும் வரை துளை போடக் கூடாது. அதற்குச் சுமார் 40 வருஷம் ஆகும். போன வருஷத் துளைக்குப் பக்கத்திலேயே இந்த வருஷம் போடக் கூடாது. மரத்தில் மொட்டு உப்பத் தொடங்கியதும் நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் எடுத்த சாற்றில் பாகு காய்ச்சினால் வாயில் வைக்க முடியாது.

"போதும், இனி விடு" என்று மரமே சொல்லிவிடுகிறது. மனிதனுக்கு அதைச் சொல்வது யார்?

பேராசிரியர் விவசாயி ஆனார்

அந்தக் கேள்விக்குப் பதில் தேடியவர்கள் ஒரு கணவனும் மனைவியும். பெயர்: ஸ்காட் நியரிங், ஹெலன் நியரிங்.

ஸ்காட் பொருளாதாரப் பேராசிரியர். சிறுவர்களைச் சுரங்கத்திலும் ஆலையிலும் வேலை வாங்கக் கூடாது என்று மேடையில் பேசி வந்தார். 1915-ல் பல்கலைக் கழகம் அவரை வேலையிலிருந்து நீக்கியது. பிறகு, முதல் உலக யுத்தத்தை எதிர்த்துச் சிறு நூல் எழுதினார். அதற்காக அவர் மேல் வழக்குப் போட்டார்கள். 1919-ல் குற்றவாளி அல்ல என்று தீர்ப்பாயிற்று. ஆனாலும் பேராசிரியர் வேலை திரும்பவில்லை.

ஹெலன் வயலின் கற்றவர். அவரது பெற்றோர் பிரம்ம ஞான சபையைச் சேர்ந்தவர்கள். சென்னை அடையாற்றில் தலைமையகம் கொண்ட சபை அது. அந்தத் தொடர்பால் இளம் வயதில் ஜே. கிருஷ்ணமூர்த்தியின் நெருங்கிய தோழியாக இருந்தார்.

1932-ல் அமெரிக்காவில் பெரும் பொருளாதார வீழ்ச்சி. வேலை இல்லாமல் லட்சக்கணக்கானவர்கள் தவித்த சமயம். அப்போது இருவரும் நியூயார்க் நகரத்தை விட்டு வெர்மான்ட் மலைக்குப் போனார்கள். ஸ்காட்டுக்கு வயது 49. ஹெலனுக்கு 28.

கல்லைப் பொறுக்கி வீடு கட்டினார்கள். இலையும் புல்லும் மக்க வைத்து மண்ணை உரமாக்கினார்கள். காய்கறி, பழம், கீரை எல்லாம் சொந்தத் தோட்டத்தில் விளைந்தன. இருவரும் மாமிசம் சாப்பிடாதவர்கள். மரக் கிண்ணத்தில் சாப்பிட்டார்கள்.

நாள் முழுவதும் உழைத்து உழைத்துத் தேய்ந்தார்களா? அதுதான் இல்லை! ஒரு நாளில் நாலு மணி நேரம் வயிற்றுக்கு உழைப்பு. நாலு மணி நேரம் படிப்பும் எழுத்தும் இசையும். நாலு மணி நேரம் மனிதர்களோடு பழகவும் பொது வேலைக்கும். இப்படி வகுத்துக் கொண்டார்கள்.

எல்லாவற்றையும் தாங்களே விளைவித்தார்களா? அதுவும் இல்லை. தானியம், எண்ணெய் போன்றவற்றை விலைக்கு வாங்கினார்கள். வரி கட்ட வேண்டும். ஆணி, கண்ணாடி, சிமெண்டு வாங்க வேண்டும். இதற்கெல்லாம் பணம் கொடுத்தது மேப்பிள் பாகும் சர்க்கரையும்தான்.

இங்கேதான் கவனிக்க வேண்டிய விஷயம் இருக்கிறது. வருஷத் தொடக்கத்தில் அந்த வருஷத்துக்கு எவ்வளவு பணம் தேவை என்று கணக்கிடுவார்கள். அந்த அளவுக்குச் சம்பாதித்ததும் விற்பனைக்கான உற்பத்தியை நிறுத்திவிடுவார்கள்! இன்னும் கொஞ்சம் காய்ச்சினால் இன்னும் கொஞ்சம் காசு வருமே என்று நினைப்பதில்லை. மீதி நேரம் அவர்களுடையது.

பணம் வேண்டாம் என்று சொல்வது சுலபம். சன்னியாசிகள் சொல்வார்கள். எல்லையில்லாமல் வேண்டும் என்பதும் சுலபம். உலகமே சொல்கிறது. "இவ்வளவு வேண்டும், இதற்கு மேல் வேண்டாம்" என்று காகிதத்தில் எழுதி, அதன்படி நடப்பது கஷ்டம். தன்னிறைவுக்கு அந்தக் கோடுதான் எல்லை.

சேற்றுக் காலத்தில் தெரியும் சேதி

தன்னிறைவு என்றால் யார் தயவும் வேண்டாம் என்று சிலர் நினைக்கிறார்கள். அவர்களை மார்ச் மாதக் கடைசியில் வெர்மான்டுக்கு அனுப்ப வேண்டும்!

அது சேற்றுக் காலம். குளிர் காலம் முழுவதும் மண் ஆழம்வரை உறைந்து கிடக்கும். வெயில் வந்ததும் மேல் மண் மட்டும் உருகும். கீழே இன்னும் பாறை போல இறுகிய பனி மண். உருகிய தண்ணீர் கீழே இறங்க வழியில்லை. பாதை முழுவதும் களிச் சேறாகிவிடும். அங்கே பாதிக்கு மேற்பட்ட சாலைகள் இன்றும் மண் சாலைகள்தான். வண்டி அச்சு வரை புதையும். அப்போது இழுத்து விடுவது யார்? பக்கத்து வீட்டுக்காரர்!

அதே மார்ச் மாதம் முதல் செவ்வாய்க்கிழமை ஊர்க் கூட்டம். இன்று நேற்று வந்த வழக்கம் அல்ல. ஊர்க்காரர்கள் ஒரு கூடத்தில் கூடுவார்கள். சாலைக்கு எவ்வளவு செலவு, எவ்வளவு வரி என்று நேருக்கு நேர் பேசுவார்கள். கை தூக்கி முடிவு செய்வார்கள். பல ஊர்களில் அவரவர் வீட்டில் சமைத்ததைக் கொண்டு வந்து பகல் சாப்பாட்டைச் சேர்ந்து சாப்பிடுவதும் உண்டு.

தன் நிலவறையை நிரப்பத் தெரிந்த மனிதருக்கும் சாலை வேண்டும். மருத்துவர் வேண்டும். பள்ளிக்கூடம் வேண்டும். அவற்றை எந்தத் தோட்டத்திலும் விளைவிக்க முடியாது.

நியரிங் தம்பதிகளும் இதை உணர்ந்தவர்கள்தான். பள்ளத்தாக்கில் உள்ள குடும்பங்களை ஒன்று சேர்த்துக் கூட்டாக உழைக்க வைக்கப் பல வருஷம் முயன்றார்கள். அந்த முயற்சி பலிக்கவில்லை. அதைத் தங்கள் புத்தகத்தில் மறைக்காமல் எழுதினார்கள். காய்கறி விளைவிப்பதைவிட ஒற்றுமையை விளைவிப்பது கடினம்!

திரும்பி வந்தவர்கள்

1952-ல் அவர்கள் வெர்மான்டை விட்டு, மெய்ன் மாநிலத்தின் கடற்கரைக்குக் குடி போனார்கள். அங்கும் பூஜ்யத்திலிருந்து தொடங்கினார்கள். 1954-ல் தங்கள் அனுபவத்தைப் புத்தகமாக வெளியிட்டார்கள். அப்போது அதைச் சீந்துவார் அதிகம் இல்லை. 1970-ல் மறு பதிப்பு வந்தது. ஒரே பரபரப்பு!

நகர வாழ்க்கை வெறுத்த இளைஞர்கள் அந்தப் புத்தகத்தைக் கையில் எடுத்துக் கொண்டு கிராமங்களை நோக்கிப் புறப்பட்டார்கள். நியரிங் வீட்டைப் பார்க்க ஆயிரக்கணக்கில் வந்தார்கள். சிலர் நிலைத்தார்கள். பலர் சில குளிர் காலங்களுக்குப் பிறகு நகரத்துக்கே திரும்பினார்கள்.

திரும்பியவர்களைக் கேலி செய்வது நியாயம் அல்ல. நியரிங் வீட்டில் வளர்க்க வேண்டிய சிறு குழந்தைகள் இல்லை. பசுவும் இல்லை. ஆகவே குளிர் காலத்தில் வீட்டைப் பூட்டிவிட்டுப் பிரசங்கப் பயணம் போக அவர்களால் முடிந்தது. பசு இருக்கும் வீட்டில் தினம் இரண்டு வேளை பால் கறக்க வேண்டும். மழை என்றோ பனி என்றோ காய்ச்சல் என்றோ மாடு கேட்காது. குழந்தைக்கு நடுராத்திரியில் உடம்பு சுட்டால் நாலு மணி நேரத் திட்டம் என்ன ஆகும்?

அந்த வேலையெல்லாம் பெரும்பாலும் யார் தலையில் விழுகிறது? பெண்கள் தலையில்தான். நிலவறைக்குள் விளக்கோடு இறங்குபவள் அவள். தன்னிறைவைப் பற்றிப் பேசுகிற ஆண்கள், முதலில் அந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும். ஒருத்தியின் முதுகு ஒடிந்து வருவது தன்னிறைவு ஆகாது.

ஆகவே எல்லாரும் வேலையை விட்டுவிட்டு நிலம் வாங்கப் போகலாம் என்று சொன்னால் அது தவறான புத்திமதி. நிலம் எல்லாருக்கும் கிடைக்காது. கிடைத்தாலும் கடன் வாங்கி நிலம் வாங்கியவர், நகரத்து முதலாளிக்குப் பதிலாக வட்டிக்காரருக்கு வேலை செய்வார். அவ்வளவுதான் வித்தியாசம்!

தமிழருக்குப் புதிது அல்ல

உடம்பால் உழைத்தே உணவைத் தேட வேண்டும் என்ற கருத்தை ருஷிய ஞானி டால்ஸ்டாய் பரப்பினார். காந்தியடிகள் அதை ஏற்றார். 1910-ல் தென் ஆப்பிரிக்காவில், ஜோகன்னஸ்பர்க் நகருக்கு அருகே டால்ஸ்டாய் பண்ணையை அமைத்தார். சத்தியாக்கிரகம் செய்து சிறை போனவர்களின் குடும்பங்கள் அங்கே தங்கின. அவர்களில் தமிழர்களும் இருந்தார்கள். செருப்புத் தைப்பது முதல் சமையல் வரை எல்லாரும் கற்றார்கள்.

பிறகு தஞ்சாவூரில் பிறந்த ஜே. சி. குமரப்பா வந்தார். லண்டனில் கணக்குத் தணிக்கை படித்தவர். அமெரிக்காவில் பொருளாதாரம் படித்தவர். காந்தியடிகளுடன் சேர்ந்து கிராமத் தொழில்களுக்காக வாழ்வையே கொடுத்தார். பனைவெல்லம் காய்ச்சும் தொழிலுக்காகப் பரிந்து பேசினார். இயற்கையிடம் எடுப்பதற்கும் திருப்பிக் கொடுப்பதற்கும் கணக்கு நேராக வேண்டும் என்று எழுதினார்.

கணக்குத் தணிக்கையாளர் ஒருவர் கிராமத்துக்குப் போனது தற்செயலாக இருக்கலாம். ஆனால் பொருத்தம்!

15-ந் தேதி ஒரு சோதனை

ஸ்காட் நியரிங் 1983-ல் காலமானார். வயது நூறு. ஹெலன் 1995 வரை வாழ்ந்தார். அவர்களுடைய மெய்ன் வீட்டைப் பார்க்க இன்றும் ஆட்கள் போகிறார்கள்.

வெர்மான்டில் பழைய குளிரும் இல்லை. மேப்பிள் சாறு முன்னைவிடச் சீக்கிரம் வடியத் தொடங்குகிறது. குளிர்ப் பெட்டியும் கடையும் வந்த பிறகு நிலவறைக்கு அவசியம் குறைந்துவிட்டது. ஆனால் பிப்ரவரி 2-ந் தேதிக் கேள்விக்கு வயதாகவில்லை.

தமிழ்நாட்டில் பனி இல்லை; பனைக்கும் பஞ்சம் வந்துவிட்டது. மாதச் சம்பளத்தில் வாழும் குடும்பங்கள்தான் இப்போது ஏராளம். அவர்களுக்கு விறகு அடுக்கு இல்லை. ஆனால் அரிசி டின் இருக்கிறது. சர்க்கரை டப்பா இருக்கிறது. வங்கிக் கணக்கு இருக்கிறது. அவர்களுக்கு முதல் தேதி அறுவடை. கடைசி வாரம் பனிக் காலம்!

அந்தக் கடைசி வாரத்தில்தான் கைமாற்றும் வட்டியும் அடகுக் கடையும் வீட்டுக்குள் நுழைகின்றன. இருபத்தைந்தாம் தேதி கணக்குப் பார்த்து என்ன பயன்? எரிந்து போன விறகை எண்ணி என்ன பயன்?

ஆகவே 15-ந் தேதி பார்க்க வேண்டும். அரிசி டின்னைத் திறக்க வேண்டும். எண்ணெய்க் குடத்தைத் தூக்கிப் பார்க்க வேண்டும். கையில் உள்ள பணத்தை எண்ண வேண்டும். அதைக் குடும்பத் தலைவி ஒருத்தியே ரகசியமாகச் செய்து பெருமூச்சு விடக் கூடாது. கணவனும், எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த குழந்தைகளும் உடன் உட்கார வேண்டும்.

பாதி இருந்தால் நிம்மதி. பாதிக்குக் குறைந்தால் பயம் வேண்டாம்; இன்னும் 15 நாள் அவகாசம் இருக்கிறது. ஒரு சினிமாவைத் தள்ளிப் போடலாம். தவணையில் வரப் போகும் புதுச் சாமானை வாசலிலேயே நிறுத்தலாம். கொல்லையிலோ மொட்டை மாடித் தொட்டியிலோ விளைந்த கீரை ஒரு வேளைக் குழம்புக்கு ஆகும். பாதிக்கு மேல் இருந்தால்? அதை விதை நெல் போல ஒரு மூலையில் வைத்துவிட வேண்டும். அதில் யாரும் கை வைக்கக் கூடாது.

கொல்லைக் கீரை வீட்டைக் காப்பாற்றிவிடாது. ஆனால் கீரைக்குத் தண்ணீர் ஊற்றும் கை, செலவுக்கும் அணை போடக் கற்றுக் கொள்ளும்.

மொட்டு வந்ததும் மேப்பிள் மரத்தில் வாளியை எடுத்துவிடுகிறார்கள். அடுத்த வருஷமும் மரம் வேண்டுமே என்ற கவலை. வீடும் அப்படித்தான்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. வீட்டில் எல்லாரும் இருப்பார்கள். 15-ந் தேதி வரை காத்திருப்பானேன்? இன்றைக்கே அரிசி டின்னைத் திறந்து பார்க்கலாமே!